தானாக முளைத்த கீரை

கண்டியில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், ஹந்தானை மலையைப் பார்த்தபடி ஒரு சரிவு நிலம் இருக்கிறது. முன்பு அதில் ஒரு கொக்கோக் களஞ்சியம் இருந்தது. அதை இடித்த பிறகு பல வருடங்கள் கினிப்புல்லும் பொலித்தீன் பைகளுமே அங்கே கிடந்தன. கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்தில், சந்தையில் விலை கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பியவர்கள் சேர்ந்து காணிக்காரரிடம் பேசினோம். அவர் சம்மதித்தார். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்றாய்ப் பயிர்செய்யத் தொடங்கினோம்.

அதற்கு ஒரு சங்கமும் அமைந்தது. தலைவர் அக்குறணைக்காரர்; டவுனில் புடவைக் கடை வைத்திருப்பவர். செயலாளர் நான். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் கடிதம் எழுதத் தெரிந்தவன் என்பதால் யாரும் வேறொருவரைத் தேடவில்லை.

ஒவ்வொரு துண்டின் தலைமாட்டிலும் ஒரு பலகை நட்டோம். அதில் இலக்கமும் பயிர்செய்பவரின் பெயரும் இருக்கும். எல்லாப் பலகைகளிலும் பெயரெழுதியது நான்தான். விதிகளை எழுதியதும் நான்தான். அவற்றில் ஒன்று இது: ஒரு துண்டின் பாதிக்கு மேல் களை மூடியிருந்தால் அது பராமரிக்கப்படாததாகக் கருதப்படும்; அதுவும் கைவிடப்படும் துண்டும் திரும்பப் பெறப்பட்டு, காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு வழங்கப்படும். மூன்று மொழியிலும் பிசகில்லாமல் வந்த வாக்கியம் என்று அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

என் துண்டுக்குக் கீழே இருந்த துண்டு ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்று, டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்யும் மகளோடு வந்து இருந்தவர். அவருடைய பலகையை நான் எழுதியபோது பெயின்ட் காயும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"சேர், இது எம்பேருங்களா?"

"ஆமா."

"அழிஞ்சிராதுல்ல?"

"எனாமல் பெயின்ட். மழைக்கும் போகாது."

"இத்தன வருசம் மலையில கெடந்தேன். எம்பேரு சம்பளம் போடுற செக்ரோல்ல மட்டுந்தான் இருந்திச்சு. அதுவும் கணக்கப்புள்ள தப்பாத்தான் எழுதுவாரு." சொல்லிவிட்டு எழுத்தைத் தொடாமல் பலகையின் ஓரத்தை மட்டும் தடவிப் பார்த்தார்.

மற்றவர்கள் எல்லோரும் பாக்கெட் விதை வாங்கி, கயிறு பிடித்து, போஞ்சியும் கறிமிளகாயும் லீக்ஸும் வரிசையாகப் போட்டோம். அவர் ஒரு பழைய துணிப் பையோடு வந்தார். அதற்குள் காய்ந்த குப்பைக்கீரைக் கதிர்கள். அவற்றை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதிவிட்டு, அடுப்புச் சாம்பலோடு கலந்து, பின்பக்கமாக நடந்தபடியே பாத்தி முழுக்கத் தூவினார். ஓரங்களில் பொன்னாங்காணித் தண்டுகளை ஒடித்து ஊன்றினார். ஒரு மூலையில் புதினாவும் கொத்தமல்லியும். நான் போஞ்சிக்குக் கம்பு நட்டுக்கொண்டே அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இது முக்கியம். அவர் விதைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"என்ன சேர், சிரிக்கிறீங்க?"

"சிரிக்கல. வரிசையா போட்டா களை எடுக்கிறது லேசுதானே?"

"கீரைய என்னத்துக்கு சேர் வரிசையில நிப்பாட்டணும்? அதுக்கென்ன கேஸ் சிலிண்டரா குடுக்கப் போறீங்க?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாட்களில் நான் அதிகம் சிரிப்பதில்லை. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கீரை எழும்பியதும், கொஞ்சம் கிள்ளிக்கொண்டு போகச் சொல்லி என்னை அழைத்தார். நான் குனிந்தேன். எதையும் யோசிக்கவில்லை. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் ஓடின. பெருவிரல் நகத்தை ஆட்காட்டி விரலில் அழுத்தி நுனியை மட்டும் கிள்ளி, கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்பக்கம் எறிந்தேன். கீரை என் போஞ்சிச் செடிகளின் மேல் போய் விழுந்தது.

அவர் கிள்ளுவதை நிறுத்திவிட்டார்.

"சேர், இது படிச்ச கை மாதிரி இல்லியே."

"என்ன?"

"ரெண்டு கையும் ஓடுது. பின்னால வேற போடுறீங்க. கொழுந்துக் கூட எங்க சேர்?" முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். குரல் தணிந்துவிட்டது. "அண்ணே, நீங்க மேல் டிவிசன் அஞ்சாம் லயத்து மகன்தானே? அம்மா மொகம் அப்பிடியே இருக்கு. அவங்க செத்தப்ப நீங்க வந்திருந்தீங்க. வெள்ளச் சட்ட போட்டிருந்தீங்க. நான் அங்கதான் இருந்தேன்."

"ஆள் மாறிப் பேசுறீங்க," என்றேன். "நான் கண்டி."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில்தான் நான் பிறந்தேன். விடுமுறை நாட்களில் அம்மாவோடு மலைக்குப் போய்க் கொழுந்து பறித்திருக்கிறேன். அந்தக் கைப் பழக்கம் இத்தனை வருடம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. பதினோரு வயதில் டவுன் பள்ளிக்கூட விடுதிக்கு வந்தேன். பிறகு பல்கலைக்கழகம், ஆசிரிய வேலை, கல்யாணம். தோட்டத்துப் பிள்ளை என்றால் டவுனில் இளக்காரம்; ஊர் எது என்று கேட்டவர்களுக்கெல்லாம் கண்டி என்றேன். மனைவிக்கு உண்மை தெரியும். அவள் வீட்டாருக்குச் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இருவருமாக முடிவு செய்தோம். அம்மா கடைசிவரை என் அக்காவோடு லயத்திலேயே இருந்தார். நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அம்மாவின் சாவுக்குப் போய் வந்த மறுநாள், லீவு எதற்கு என்று பாடசாலையில் கேட்டார்கள். தூரத்து உறவில் ஒரு சாவு என்று சொன்னேன்.

இதை இவ்வளவு வெளிப்படையாக நான் எழுதுவது இதுவே முதல் தடவை.

என் மறுப்பைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "மன்னிச்சிருங்க சேர். வயசாகிருச்சு, கண்ணு மங்கிப் போச்சு," என்றார். அண்ணே என்று பிறகு ஒருபோதும் அழைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும், எங்கள் துண்டுகளுக்கு நடுவே இருந்த எல்லைக் கல்லில், வாழை நாரால் கட்டிய ஒரு பிடி கீரை இருக்கும். நானும் எடுத்துக்கொண்டு போவேன். தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டி, கோதுமை மா ரொட்டி சுட்டு, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவேன். லயத்தில் எங்கள் இராச்சாப்பாடு அதுதான். வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. ஆனாலும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

இரண்டு மழைக்காலம் இப்படிப் போனது. அதற்குள் சந்தையில் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் துண்டு கேட்போர் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போனது. பட்டியலில் முதலாவதாக இருந்தவர் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர். கீழ்த்துண்டு முழுக்கக் களை, அதன் விதை பறந்து மற்றவர்களின் பாத்திகளுக்கும் வருகிறது என்று அவரும் வேறு சிலரும் தலைவரிடம் முறையிட்டார்கள். தலைவர் என்னிடம் வந்தார்.

"சேர், அந்த மனிசிட துண்டால ஒரே கரைச்சலா ஈக்கு. எனக்கெண்டா அதுல ஒண்டும் பெரிசா தெரியல்ல. நீங்க பக்கத்துல ஈக்கிற ஆள். நட்டதுதான் எண்டு நீங்க ஒரு வார்த்த செல்லிட்டா, மத்த ஆக்கள்ட வாய நான் மூடிருவன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த நாள் காலை நான் துண்டுக்குப் போனபோது, அந்தப் பெண்ணும் தலைவரும் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தார்கள். நான் லயத்தில் பிறந்தவன் என்பதை அவர் தலைவரிடம் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் இனிச் சொல்வார். ஒரு நாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் இங்கே இல்லாமல் போனால் நல்லது என்ற எண்ணம் அந்த நிமிடத்தில்தான் எனக்கு வந்தது. விதியை நினைத்து வந்ததல்ல, மற்றவர்களின் பாத்திகளை நினைத்து வந்ததுமல்ல.

அந்த வாரம், துண்டுகளைச் சோதிக்க நாங்கள் அழைத்திருந்த விவசாய அதிகாரி வந்தார். இளம்பெண். சப்பாத்தில் சேறு ஒட்டியதைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு துண்டாக இறங்கிப் பார்த்துக் குறிப்பெடுத்தார். கீழ்த்துண்டில் கீரை முழங்கால் உயரத்துக்கு நின்றது. பாதியை அந்தப் பெண் கிள்ளாமல் கதிர் முற்ற விட்டிருந்தார். அடுத்த விதைப்புக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். மகளின் பழைய டீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு பாத்தி ஓரத்தில் நின்றார்.

அதிகாரி என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: இது விதைத்ததா, தானாக முளைத்ததா?

தானாக முளைத்தது என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொன்றையும் சேர்த்தேன்: பாவம், வயதாகிவிட்டது, அவரால் இனி முடியாது.

அதிகாரி எழுதிக்கொண்டார். தலைவர் என்னையே பார்த்தார்.

"அப்ப சேர்..."

"விதிப்படிதான்," என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு விளங்கியிருக்காது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். தெல்தெனியாவிலும் ஹேவாஹெட்டவிலும் சந்தைக்குப் போய்வந்த ஒருவருக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். அவர் வாய் திறந்து, சேர் பொய் சொல்கிறார் என்று சொல்வாரென்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார். பிறகு தலைவரிடம், "மொதலாளி, இன்னைக்கு இருக்கிறத கிள்ளிக்கலாங்களா?" என்று கேட்டார். தலைவர் தலையாட்டினார். அவர் குனிந்து இரண்டு கையாலும் கிள்ளத் தொடங்கினார். அதிகாரி அடுத்த துண்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

பலகையில் பெயர் மாற்ற வேண்டியது செயலாளரின் வேலை. எனாமல் பெயின்ட் லேசில் போகவில்லை. கத்தியால் சுரண்டினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். எழுத்துகள் போன பிறகும் அவை இருந்த இடம் தெரிந்தது. மழைக்கும் போகாது என்று அவரிடம் சொன்னது நான்தான். மேலே இரண்டு பூச்சு வெள்ளை அடித்து வங்கிக்காரரின் பெயரை எழுதினேன். காலை வெயில் சரிந்து விழும்போது, வெள்ளைக்குக் கீழே பழைய பெயர் இன்னும் மேடு பள்ளமாகத் தெரிகிறது.

வங்கிக்காரர் நல்ல மனிதர். மண்ணை ஆழக் கொத்தி கெரட்டும் பீட்ரூட்டும் போட்டார். மழை வந்ததும் கெரட்டுக்கு முன்னால் கீரை எழும்பியது. அவருடைய பாத்தியில் மட்டுமில்லை, என் போஞ்சி வரிசைகளுக்கு நடுவிலும் எழும்பியது.

"என்ன சனியன் சேர் இது? புடுங்கப் புடுங்க வருதே. எங்கயிருந்துதான் வருது?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். அதே கீரையைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

பிறகு ஒரு நாள் தலைவர் தன் துண்டிலிருந்து கறிவேப்பிலை கொண்டுவந்து கொடுத்தார். பேச்சுவாக்கில், "அந்த மனிசி போனதுக்குப் பொறகு இங்க சிரிப்பே இல்லாமப் போச்சு சேர்," என்றார். "ஒரு நாள் என்னத்த செல்லுச்சு தெரியுமா? சேர்ட தொப்பியப் பாத்தா கிளிக்கூட்டம் நம்மட பக்கமே வராதாம். அத வாடகைக்கு உட்டா எல்லார்ட போஞ்சியும் தப்பிருமாம்."

எந்த நாள் என்று கேட்டேன். அதிகாரி வந்த வாரம் என்றார்.

அவர்கள் சிரித்தது என் தொப்பியைப் பார்த்து. அந்தத் தொப்பி அப்போதும் என் தலையில்தான் இருந்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கறிவேப்பிலைக்கு நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். அந்தப் பெண் விதைத்ததைப் பார்த்தேன், அதிகாரியிடம் பொய் சொன்னேன் என்றேன். ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். நான் லயத்தில் பிறந்தவன், அவர் என்னை அடையாளம் கண்டுவிட்டார் என்று. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

தலைவர் மெதுவாகச் சொன்னார்: "சேர் எந்த ஊரு எண்டு எங்களுக்கு எப்பவோ தெரியுமே. கடைக்கு வாற சனம் பேசுறதுதானே. அதுல என்ன ஈக்கு?"

எதைக் காப்பாற்ற அந்தப் பெண்ணின் பெயரைச் சுரண்டினேனோ, அது என்னிடம் இருக்கவே இல்லை. நான் மட்டும்தான் அது இருப்பதாக நினைத்துக் காவல் காத்திருக்கிறேன்.

"ஆனா மத்தது, அந்தப் பொய்," என்றார் தலைவர். "அது பாவம் சேர். அத அண்டைக்கே செல்லீந்தா சரி."

திருத்த வழியிருக்கவில்லை. வங்கிக்காரர் எந்தக் குற்றமும் செய்யவில்லை; கெரட் பாதி வளர்ந்திருந்தது. என் துண்டை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கிறேன் என்றேன். கைவிடப்படும் துண்டு பட்டியலில் முதலில் இருப்பவருக்கே போக வேண்டும் என்று விதியைக் காட்டினார்கள். என் வாக்கியம். மூன்று மொழியிலும் பிசகில்லாதது. அவருடைய பெயரைப் பட்டியலின் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். நான் செயலாளர் பதவியை விட்டேன்.

மறுநாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன். சரிவில் ஏறிப்போகும் படிகளின் முடிவில் வாடகைக்கு இரண்டு அறை. வாசலில் நான்கைந்து பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பிக் கீரை போட்டிருந்தார். சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் மகளிடம் கதிரை கொண்டுவரச் சொன்னார்.

"உக்காருங்க சேர்."

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் சொன்னதையும் சொன்னேன். அவர் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியுங்க சேர். எனக்கு சிங்களம் தெரியும்."

"அப்ப ஏன் அங்கேயே சொல்லல? நான் பொய் சொல்றேன்னு?"

"சொல்லி? அதிபரு சொல்றத நம்புவாங்களா, நான் சொல்றதயா?" ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார். "அதோட ஒங்கம்மாவ நெனச்சேன். மலையில கொழுந்து நெறை போடுற எடத்துல நின்னுக்கிட்டு எம்மகன் எம்மகன்னு அந்த மனுசி பேசுன பெரும கொஞ்சமா? கங்காணி வஞ்சாலும் நிப்பாட்டாது. அது மகன பத்துப் பேருக்கு முன்னால பொய்யன்னு நான் சொல்லணுமா?"

அடுத்த கல்லைத் தேடியபடியே அவர் கேட்டார்.

"பலகையில எம்பேர யாரு அழிச்சது?"

"நான்தான்."

"ம்." சுளகை ஒரு தட்டுத் தட்டினார். "வேற யாராச்சும் அழிச்சிருந்தா பரவால்ல."

மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்தேன். என் துண்டில் அந்தக் கீரை நிறைய முளைத்திருக்கிறது, வந்து கிள்ளிக்கொள்ளலாம் என்றேன்.

"இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் சேர். படி ஏறி எறங்க காலு முடியல." என்னை வழியனுப்ப அவர் அதே படிகளில் பாதிவரை இறங்கி வந்தார். காலில் ஒரு வலியும் தெரியவில்லை.

என் துண்டில் இப்போது பாதிக்கு மேல் குப்பைக்கீரைதான். சிலவற்றை நான் விதைத்தேன். அவர் செய்ததைப்போலவே கசக்கி, ஊதி, சாம்பலில் கலந்து. மற்றவை அவர் விதைத்தவற்றின் விதையிலிருந்து வந்தவை. அடுத்த சோதனைக்கு அதிகாரி வரும்போது கேட்பார். விதைத்தது என்று சொல்வேன். யார் விதைத்தது என்றும் சொல்வேன். அதற்குப் பிறகு துண்டை எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிறு காலைகளில் ஒரு பிடி கீரையை வாழை நாரால் கட்டி, அந்தப் படிகளில் ஏறி, அவர் வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். கதவைத் தட்டுவதில்லை. சமைக்கிறார்களா, குப்பையில் போடுகிறார்களா என்று முதல் இரண்டு வாரமும் தெரியவில்லை. வாசலில் மிச்சம் எதுவும் கிடக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது ஞாயிறு நான் கீரைக் கட்டை வைக்கும்போது மகள் கதவைத் திறந்தாள். வேலைக்குப் போகிற அவசரத்தில் தலையைப் பின்னிக்கொண்டே பேசினாள்.

"சேர், அம்மா சொல்லச் சொன்னாங்க. கீர முத்திப் போச்சாம். தண்டு நார் நாரா இருக்காம். பூ வைக்க முன்னுக்கே நுனிய மட்டும் கிள்ளணுமாம்." கொஞ்சம் தயங்கினாள். "சேருக்கு இதெல்லாம் மறந்து போச்சு போலன்னாங்க."

உள்ளே யாரோ ஏனம் கழுவும் சத்தம் கேட்டது. அது ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

போன ஞாயிறு பனி விலகுமுன்பே துண்டுக்குப் போய், பூ வைக்காத செடிகளாகப் பார்த்து, இரண்டு கையாலும் நுனியை மட்டும் கிள்ளினேன். கட்டு முந்தியதில் பாதிதான் வந்தது. கொண்டுபோய் வாசலில் வைத்தேன். இந்தக் கீரை எப்படி இருந்தது என்று இன்னும் அவர் சொல்லி அனுப்பவில்லை.